காரீய அலமாரியும் காத்திருப்பின் கணக்கும்

காவேரிப்பாக்கம் வழியாக வேலூருக்குப் போகும் பேருந்துகளில் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளிகளைப் பார்க்கலாம். தைராய்டு நோய்க்கு அயோடின்-131 பெறுபவர் ஒருவர். எலும்பு ஸ்கேனுக்காக டெக்னீசியம்-99எம் ஊசி போட்டுக்கொள்பவர் இன்னொருவர். ஊசி போட்ட பின் அந்தச் சிரிஞ்சும் பஞ்சும் குப்பியும் எங்கே போகின்றன? அணு மருத்துவக்கூடம் எதுவானாலும், காரீயத் தகடு பதித்த அலமாரியில் அவை காத்திருக்கின்றன. அந்த அலமாரியைத் தகட்டின் தடிமனை மட்டும் வைத்து மதிப்பிடுவது பிழை. அதனுள் கழிய வேண்டிய நாட்களையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் தடிமன். டெக்னீசியம்-99எம் உமிழும் காமா கதிரின் ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட். 3 மி.மீ. காரீயம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட வெளியே விடாது. அயோடின்-131இன் 364 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரிலோ ஏறக்குறைய பாதி அதே தகட்டைத் தாண்டிவிடும். பெட் ஸ்கேனுக்கான ஃபுளோரின்-18இன் கதிர் 511. பாதிக்கு மேல் வெளியேறும். எந்த ஐசோடோப்புக்கு என்று சொல்லாமல் 'காரீயம் பதித்தது' என்று மட்டும் சொல்வதில் பொருளே இல்லை.

தடிமனைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. பக்கத்துக்கு 1 மீட்டர் உள்ள பெட்டியின் ஆறு முகங்களிலும் 20 மி.மீ. தகடு வைத்தால் காரீயம் மட்டும் சுமார் 1,360 கிலோ. மாடித் தளம் தாங்குமா என்று கட்டடப் பொறியாளரிடம் கேட்டாக வேண்டும். காரீயம் மென்மையானது, தன் எடையிலேயே தொய்யும். எஃகுச் சட்டம் இல்லாமல் நிற்காது. கதவும் சட்டமும் சேரும் இடத்தில் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமைய வேண்டும். ஏரிக்கரை எவ்வளவு அகலமானாலும் மதகோரம் கசிந்தால் என்ன ஆகும் என்று காவேரிப்பாக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. யிட்ரியம்-90 போன்ற பீட்டா உமிழிகளுக்குக் காரீயத்தை நேரடியாக வைத்தால் அங்கே எக்ஸ் கதிர் பிறக்கும். அவற்றுக்கு உள்ளே அக்ரிலிக், அதற்கு வெளியே காரீயம்.

இனி நாள். டெக்னீசியம்-99எம்மின் அரை ஆயுள் 6 மணி நேரம், அயோடின்-131இன் அரை ஆயுள் 8 நாள். பத்து அரை ஆயுள் கடந்தால் 1,024இல் ஒரு பங்கே எஞ்சும். முன்னதற்கு 60 மணி நேரம் போதும், பின்னதற்கு 80 நாள் வேண்டும். இரண்டையும் ஒரே பையில் போட்டால் முழுப் பையும் 80 நாள் இடத்தை அடைத்துக்கொள்ளும். அறைகளை ஐசோடோப்புவாரியாகப் பிரிப்பதும், பை கட்டிய தேதியை எழுதுவதும் தகட்டின் தடிமனுக்குச் சமமான பாதுகாப்பு. லுட்டீசியம்-177இல் இந்தக் கணக்கே ஏமாற்றும். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 6.65 நாள். ஆனால் லுட்டீசியம்-176ஐ நேரடியாக நியூட்ரானுக்கு உட்படுத்தித் தயாரிக்கும்போது, சுமார் 160 நாள் அரை ஆயுள் கொண்ட 177எம்மும் சிறிதளவு கலந்து வரும். நாட்காட்டியை மட்டும் நம்பாமல், அளவியால் சோதித்த பிறகே பையை வெளியேற்ற வேண்டும்.

சிறு ஆய்வகங்களுக்கு இவ்வளவு கெடுபிடி தேவையா என்பார்கள். 2010இல் டெல்லி மாயாபுரியில், பல்லாண்டு பயனின்றிக் கிடந்து ஏலத்தில் போன கருவியின் கோபால்ட்-60 பழைய இரும்புக் கடைத் தொழிலாளி ஒருவரின் உயிரைப் பறித்தது. அது மருத்துவக் கழிவைவிடப் பல மடங்கு வீரியமானது, உண்மை. ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்தவர் கையில் அது இருந்திருந்தால் அந்தச் சாவு நேர்ந்திருக்காது.

பாலாற்றங்கரைக்கு இது புதிய பாடமல்ல. ராணிப்பேட்டையில் ஆலை மூடிய பிறகும் குவிந்து கிடந்த குரோமியக் கழிவுக்கு அரை ஆயுள் கிடையாது; காத்திருந்தால் அது தணியாது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் குறித்த வேலூர் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை நாட்டுச் சட்டத்தின் பகுதியென அறிவித்தது. கதிரியக்கக் கழிவின் பெரும்பகுதியோ காத்திருந்தால் தணிந்துவிடும். தணியக்கூடியதற்குக்கூட இடமும் நாளும் ஒதுக்காமல் இருப்பதை மன்னிக்க முடியாது.

எந்த ஐசோடோப்பு, எவ்வளவு கதிரியக்கம், எத்தனை நாள், தளம் எவ்வளவு தாங்கும்: இந்த நான்கும் எழுதப்படாத அலமாரிக் கொள்முதல் ஆணையில் எந்தக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரும் கையெழுத்திடக் கூடாது.