தொலைந்துபோன சிறுகோள்

வானத்தில் ஒரு பொருளைக் காண்பது வேறு. அதனைத் தொடர்ந்து அறிந்திருப்பது வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்துவதற்கு ஹேர்மிஸ் என்னும் சிறுகோளின் வரலாற்றினும் பொருத்தமான சான்று கிடைத்தல் அரிது.

1937ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதி, ஜேர்மனியின் ஹைடல்பேர்க் வானாய்வு நிலையத்திலே கார்ல் ரைன்முத் எடுத்த ஒளிப்படத் தகட்டில் நீண்ட கோடொன்று பதிந்திருந்தது. விண்மீன்களைப் பின்தொடர்ந்து திரும்பும் கருவியில் அவை புள்ளிகளாகவே பதியும். கோடாகப் பதிவது அவற்றினிடையே விரைந்து நகரும் பொருளே. இரு நாட்களின் பின் அது பூமியிலிருந்து ஏறத்தாழ 7,40,000 கிலோமீற்றர் தொலைவிற் கடந்து சென்றது. இது சந்திரனின் தூரத்தைப்போல் இரு மடங்கிலும் சற்றே குறைவு. சில நாட்களே அவதானிக்கப்பட்டமையால், அது சூரியனைச் சுற்றும் ஒழுக்கைச் செம்மையாகக் கணிக்க இயலவில்லை. ஹேர்மிஸ் தொலைந்தது.

66 ஆண்டுகளின் பின், 2003 ஒக்டோபர் 15ஆம் திகதி, அமெரிக்காவின் அரிசோனாவில் பிறையன் ஸ்கிவ் அதனை மீண்டும் கண்டார். பழைய தகடுகளின் பதிவுகளும் புதிய அவதானங்களும் இணைக்கப்பட்டன. அக்கணிப்பு, மறைந்திருந்த செய்தியொன்றையும் வெளிப்படுத்தியது: 1942 ஏப்ரலில், 1937இலும் அண்மையாக, ஏறத்தாழ 6,34,000 கிலோமீற்றர் தொலைவில் ஹேர்மிஸ் நம்மைக் கடந்து சென்றிருக்கிறது. அதனை எவரும் காணவில்லை. கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டுகள் வீழ்ந்த மாதம் அது. மனிதன் குண்டுவீச்சு விமானங்களைத் தேடியே வானை அண்ணாந்து நோக்கிய காலம்!

பின்வந்த தலைமுறை எதைக் கற்றது? ஒரு கிலோமீற்றரும் அதற்கு மேலும் விட்டமுடைய, பூமிக்கு அண்மையில் வரும் சிறுகோள்களுள் நூற்றுக்குத் தொண்ணூறைப் பத்தாண்டுகளிற் கண்டறிவதென 1998இல் அமெரிக்காவில் இலக்கு வகுக்கப்பட்டது. 2004இல் கண்டறியப்பட்ட அபோபிஸ், 2029இல் பூமியில் மோதக்கூடுமென முதற்கணிப்புகள் அஞ்சவைத்தன. அவ்வச்சத்தைத் தீர்த்தது சாந்தியுமன்று, சோதிடமுமன்று, தொடர்ந்த அவதானமே. 2029 ஏப்ரல் 13ஆம் திகதி அது பூமியின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீற்றர் தொலைவிற் கடந்து செல்லும் என்பதை இன்று நாம் அறிவோம்.

எனினும், அறிவு தானே வளர்வதில்லை. அதற்குச் சமுதாயம் செலவிடவேண்டும். 2013 பெப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரின்மேல் ஏறத்தாழ 20 மீற்றர் விட்டமுள்ள கல்லொன்று முன்னறிவிப்பின்றி வெடித்து, ஏறத்தாழ 1,500 பேரைக் காயப்படுத்தியது. அதே ஆண்டிலேதான், தென்வானைத் துருவிவந்த அவுஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிறிங் தேடற்பணி நிதியின்றி நிறுத்தப்பட்டது. தென்னாபிரிக்காவிலும் சிலியிலும் அற்லஸ் திட்டத்தின் தொலைநோக்கிகள் இயங்கத் தொடங்க 2022ஆம் ஆண்டாயிற்று.

படைக்கலங்களுக்குக் கணக்கின்றி வழங்கும் அரசுகள், மனிதகுலம் முழுவதையும் காக்கும் காவலுக்குக் கணக்குப் பார்க்கின்றன. விண்ணிலிருந்து வீழும் கல் எல்லைக்கோடுகளை அறியாது. அதனைக் காக்கும் விழிகளும் அவற்றுக்கு அடங்கியிருத்தல் தகாது. நம் மாணவர்க்கு ஹேர்மிஸின் கதையைச் சொல்வோம். ஒருமுறை கண்டதைக் கைவிடாது பின்தொடர்வதே அறிவியல் என்பதை அவர்கள் உணரட்டும்.