பின்னிய நெடுங்கணக்கும் நூற்பட்டியும்

நூலகமொன்றின் பெருமை நூல்களின் தொகையில் மட்டும் அமைவதன்று. வேண்டிய நூலை வேண்டியபோது எடுத்துதவும் ஆற்றலிலேயே அது பெரிதும் தங்கியுள்ளது. அவ்வாற்றலைத் தருவது நூற்பட்டி. நூற்பட்டியோ எழுத்து வரிசை என்னும் உடன்பாட்டின்மேல் நிற்பது. பட்டியைத் தொகுத்தவரும் அதனைப் புரட்டுபவரும் ஒரே வரிசையை மனத்திற் கொண்டிருப்பர் என்னும் நம்பிக்கையே அவ்வுடன்பாடாம். அது குலையுமிடத்து, நூல் அலமாரியில் இருந்தும் இல்லாததாகிவிடும். இவ்வுடன்பாடு பேசுவோர் தொகை சிறிதாகிய மொழியொன்றில் எவ்வாறு உருவாயிற்று, கணினி தோன்றிய பின்னர் எவ்வாறு இடருற்று மீண்டது என்பதைப் பின்லாந்தின் வரலாறு நன்கு புலப்படுத்துகின்றது.

பின்னிய மொழி தன் அயலிலுள்ள சுவீடிய, உருசிய மொழிகளோடு இனத்தொடர்பு உடையதன்று. எசுத்தோனிய மொழிக்கு நெருங்கியது, அங்கேரிய மொழிக்குச் சேய்மை உறவினது. 1809 ஆம் ஆண்டுவரை பின்லாந்து சுவீடனின் ஆட்சியில் இருந்தது; பின்னர் உருசியப் பேரரசரின் கீழ் ஒரு பெருங்கோமகவு ஆயிற்று; 1917 இல் விடுதலை பெற்றது. விற்றன்பேர்க்கிற் கல்வி பயின்ற மிக்கேல் அகிரிகோலா 1543 இல் வெளியிட்ட அரிச்சுவடியே பின்னிய மொழியில் அச்சேறிய முதல் நூல். புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பை அவர் 1548 இல் வெளியிட்டார். சுவீடிய ஆட்சியிற் கல்வியும் அச்சும் வளர்ந்தமையால், பின்னிய நெடுங்கணக்கும் சுவீடிய நெடுங்கணக்கையே தழுவியது. இலத்தீன் எழுத்துக்கள் 26 இற்கும் பின்னர், இறுதி எழுத்தாகிய இசட்டை அடுத்து, மேலும் மூன்று எழுத்துக்கள் நிற்கின்றன: தலையில் வளையம் பெற்ற ஏ, தலையில் இரு புள்ளி பெற்ற ஏ, இரு புள்ளி பெற்ற ஓ. ஆக எழுத்துக்கள் 29. இம்மூன்றனுள் வளைய ஏ சுவீடியப் பெயர்களுக்கே பயன்படுவது. பின்னியர் அதனைச் 'சுவீடிய ஓ' என்றே வழங்குவர். ஏனைய இரண்டும் பின்னிய மொழியில் எங்கும் பயில்வன.

புள்ளி பெற்ற இவ்வெழுத்துக்களை அணிசெய்யப்பட்ட ஏ, ஓ எனக் கொள்வது பெரும்பிழையாம். அவை தனி உயிர்களைக் குறிக்கும் தனி எழுத்துக்கள். 'சாரி' என ஒலிக்கும் சொல்லைப் புள்ளியின்றி எழுதின் தீவு என்பது பொருள். அதன் இரு ஏகாரங்களுக்கும் புள்ளியிடின் 'சேரி' என்பதை ஒத்து ஒலித்து, முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட காலைக் குறிக்கும். தமிழில் அரம் வேறு, அறம் வேறு. அவற்றை ஓரெழுத்தின் கீழ் அடுக்கும் அகராதியை நாம் அகராதியென ஏற்போமா? யேர்மானியரும் இதே புள்ளி எழுத்துக்களை வழங்குகின்றனர். ஆயினும் அவர்தம் அகராதிகள் புள்ளி ஏயைச் சாதாரண ஏயாகவே கொண்டு வரிசைப்படுத்தும். ஆகவே, எழுத்தின் வடிவம் ஒன்றாயினும், அதன் இடம் மொழிக்கு மொழி வேறுபடும் என்பது பெறப்படும்.

வரிசையில் மற்றொரு சிக்கலும் உண்டு. பின்னிய நூல்கள் நெடுங்காலம் பிராக்தூர் எனப்படும் யேர்மானிய அச்செழுத்தில் வெளிவந்தன. அவ்வச்சில் வகர ஒலிக்கு டபிள்யூ என்னும் எழுத்தே ஆளப்பட்டது. எலியாசு லொன்றொத் தொகுத்த பெருங்காவியம் 1835 இல் வெளிவந்தபோது, 'கலேவலா' என்னும் அதன் பெயரும் டபிள்யூ இட்டே அச்சிடப்பட்டது. உரோம அச்செழுத்துப் பரவியதும் வீ என்னும் எழுத்து அதன் இடத்தைப் பெற்றது. குடும்பப் பெயர்கள் சிலவோ பழைய எழுத்தையே பேணின. ஒரே பெயர் இருவகையாக எழுதப்படும் நிலை ஏற்பட்டமையால், இவ்விரண்டையும் ஓரெழுத்தாகக் கொண்டு வரிசைப்படுத்தும் மரபு தோன்றியது. அம்மரபின்படி நாவலாசிரியர் மிக்கா வல்தாரி, டபிள்யூவில் தொடங்கும் பெயரினராயினும், வீயில் தொடங்கும் வேதியியலறிஞர் விர்த்தானனுக்கு முன்னே நிற்பார். சுவீடியக் கழகத்தின் சொற்பட்டி 2006 ஆம் ஆண்டுப் பதிப்பில் இரண்டையும் பிரித்துவிட்டது. வரிசை என்பது மாறாத இயற்கை நியதியன்று, மக்கள் வகுத்த வழக்கே என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நூற்பட்டி பின்னியருக்கு வெறும் அலுவலகக் கருவி அன்று. 1827 செப்டெம்பரில் துர்க்கு நகரைப் பெருந்தீ அழித்தது. 1640 இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தின் நூலகம் பெரும்பாலும் சாம்பலாயிற்று. பல்கலைக்கழகம் அடுத்த ஆண்டு ஹெல்சிங்கிக்கு இடம் பெயர்ந்தது. பின்னர், பல்கலைக்கழக நூலகராயிருந்த பிரெதிரிக் வில்கெல்ம் பிப்பிங் பின்னிய மொழியில் அச்சான நூல்களுக்கெல்லாம் ஒரு பட்டியைத் தொகுத்து 1856-57 இல் வெளியிட்டார். பின்னிய மொழி ஆட்சித்துறையிற் சுவீடிய மொழியோடு சமநிலை பெறுவதற்கான கட்டளை பிறந்ததோ 1863 இல்தான். மொழிக்கு அரசுரிமை கிடைக்குமுன்னரே அம்மொழியின் நூல்களை எண்ணிக் காட்டிய இப்பட்டி, அம்மொழி உளது என்பதற்கே ஆவணமாயிற்று.

இனி, கணினிக் காலத்தை நோக்குவாம். கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எவ்வெழுத்துக்கு எவ்வெண் என்று விதிப்பது குறிமுறை. 1963 இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கிக் குறிமுறையில் 128 இடங்களே இருந்தன. ஆங்கிலத்துக்கு அவை போதியன, பின்னியத்துக்கு இடமில்லை. ஆகவே பின்லாந்தும் சுவீடனும் அடைப்புக்குறிகள் முதலியவற்றின் இடங்களைத் தம் எழுத்துக்களுக்கு எடுத்துக்கொண்டன. 91 ஆம் இடத்திற் புள்ளி ஏயும், 92 இற் புள்ளி ஓவும், 93 இல் வளைய ஏயும் பெரிய எழுத்துக்களாய் அமர்ந்தன. இதனால் அடைப்புக்குறிகள் நிறைந்த செய்ந்நிரல்கள் பின்னியக் கணினித் திரையிற் புள்ளி எழுத்துக்களாய்த் தோன்றின. அதனினும் கேடு யாதெனின், வளைய ஏ மூன்றனுள் முதலாவதாக நிற்க வேண்டியிருக்க, எண்முறையில் அது இறுதியாயிற்று. 1987 இல் வெளிவந்த இலத்தீன்-1 என்னும் அனைத்துலக நியமம் அடைப்புக்குறிகளுக்கு அவற்றின் இடத்தை மீட்டளித்தது. ஆயினும் புள்ளி ஏக்கு 196, வளைய ஏக்கு 197, புள்ளி ஓவுக்கு 214 என எண் வகுத்து, வரிசையை வேறொரு வகையிற் பிறழச் செய்தது.

1991 இல் முதற்பதிப்பு வெளிவந்த யுனிக்கோட் உலக எழுத்துக்களை ஒரே குறிமுறையுள் அடக்கியது. ஆனால் அதுவும் எண்ணைத் தருவதேயன்றி வரிசையைத் தருவதன்று. தமிழிலே இதனைக் காணலாம்: யுனிக்கோட்டில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கின்றன; நம் நெடுங்கணக்கில் றகரமும் னகரமும் இறுதி எழுத்துக்கள். எனவே எண்வரிசை வேறு, எழுத்து வரிசை வேறு எனக் கொண்டு, ஒவ்வொரு மொழிக்கும் உரிய வரிசையைத் தனியே விதிக்கும் முறையொன்று யுனிக்கோட்டின் துணையாக வகுக்கப்பட்டது.

இவ்வேறுபாட்டின் விளைவை நூற்பட்டி மென்பொருள்களிற் கண்கூடாகக் காணலாம். ஆய்வுக்கட்டுரைகளின் உசாத்துணைப் பட்டியைத் தானே ஒழுங்குபடுத்தும் பிப்ரெக் என்னும் செய்ந்நிரலை ஓரன் பற்றாஷ்னிக் 1985 இல் ஆக்கினார். ஆங்கிலத்தை உளங்கொண்டு அமைந்த அது, எழுத்தின்மேலுள்ள குறிகளைக் களைந்துவிட்டே வரிசைப்படுத்தும். துர்க்கு நகரின் சுவீடியப் பெயர் வளைய ஏயில் தொடங்குவது. பின்னியப் பட்டியில் அது இசட்டுக்கும் பின்னே வரவேண்டியது. பிப்ரெக்கின் கையில் வளையம் இழந்து பட்டியின் தலைப்பில் வந்து நிற்கும். பின்னர்த் தோன்றிய அதன் எட்டுத்துணுக்கு வடிவம், எழுத்து வரிசையைப் பயன்படுத்துவோரே ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்க வழி செய்தது. இன்று பைபர் என்னும் செய்ந்நிரல் யுனிக்கோட் வரிசைமுறையையே கையாள்கின்றது.

ஆயினும் செய்ந்நிரல் தானாக எதனையும் அறியாது. நாம் விதிப்பன மூன்று. முதலாவது, கோப்பு எக்குறிமுறையில் எழுதப்பட்டதோ அதனையே அறிவித்தல். யூ.ரி.எப்-8 முறையிற் புள்ளி ஏ இரண்டு எண்களாய்ச் சேமிக்கப்படும்; அதனை இலத்தீன்-1 எனப் படித்தால் ஓரெழுத்து இரண்டு பொருளற்ற எழுத்துக்களாய்ச் சிதறும். இரண்டாவது, வரிசைக்குரிய மொழியைப் பின்னியம் எனத் தனியே விதித்தல். கட்டுரை ஆங்கிலத்தில் இருப்பினும் பட்டியின் வரிசை எம்மொழிக்கு உரியது என்பது வேறு வினா. மூன்றாவது, வீயும் டபிள்யூவும் ஒன்றோ இரண்டோ என முடிவு செய்து, அம்முடிவைப் பட்டி முழுவதும் பேணுதல்.

இவை நமக்கு எட்டாத செய்திகள் அல்ல. சிந்துவெளி எழுத்துக்களைத் திராவிட மொழிக்குரியனவாகக் கொண்டு ஆராய்ந்த பின்னிய அறிஞர் அசுக்கோ பார்ப்போலாவின் பெயரைத் தமிழறிஞர் யாவரும் அறிவர். அவர் செப்போ கொசுக்கென்னியெமி, சிமோ பார்ப்போலா, பென்றி ஆல்தோ என்போருடன் சேர்ந்தெழுதிய முதல் அறிக்கை 1969 இற் கோப்பன்கேகனில் வெளியாயிற்று. ஆல்தோவின் பெயர் இரண்டு ஏ எழுத்துக்களோடு தொடங்குவது. பின்னிய வரிசையில் அது பட்டியின் தொடக்கத்தில் நிற்கும். தேனிய மரபோ ஈரேகாரத்தை வளைய ஏயாகக் கொண்டு பட்டியின் கடைசியில் வைப்பது. மென்பொருளில் தேனிய வரிசையைத் தவறுதலாகத் தெரிந்துவிடின், முதல்வர் கடையராவர். முதற் பக்கத்தில் தேடும் மாணவன் அவர் எதுவும் எழுதவில்லை என்று முடிவுகட்டுவான்.

இம்முடிவுகட்டலே அஞ்சத்தக்கது. அச்சுப்பிழையைக் கண் கண்டுபிடிக்கும். வரிசைப்பிழையை எவரும் காண்பதில்லை. தேடியவர் நூல் இல்லையென நம்பிச் செல்வர். அந்நம்பிக்கை அடுத்த ஆய்வாளருக்கும் கடத்தப்படும். பெருமொழிகளின் வரிசையைப் பொறிகள் கேளாமலே கைக்கொள்ளும். சிறுமொழிகளின் வரிசையோ அம்மொழியாரே எடுத்துரைத்தாலன்றி இடம்பெறாது. பின்னியர் தம் மூன்று எழுத்துக்களின் இடத்தை நியமங்களிற் பொறித்து வைத்தனர். நம் பாடசாலை நூலகங்களுக்குப் பட்டி வகுக்கும் ஆசிரியரும், ஆய்வேட்டுக்கு உசாத்துணை தொகுக்கும் மாணவரும், பொறி தந்த வரிசையை அவ்வாறே ஏற்காது, னகரமும் றகரமும் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா என ஒருமுறை நோக்கிய பின்னரே பட்டியை முடித்தல் வேண்டும்.