பிரிவில் பிறந்த கதைகள்

காரைக்குடியை அடுத்த நேமத்தான்பட்டி, நகரத்தார் ஊர்களுள் ஒன்று. அவ்வூரையொத்த செட்டிநாட்டு ஊர்களின் பெரிய வீடுகளைக் காணச் செல்வோர் முகப்பைக் கண்டு வியப்பர். பர்மாத் தேக்கினைத் தடவிப் பார்ப்பர். ஆத்தங்குடித் தரைக் கற்களின் வண்ணத்தில் மனத்தைப் பறிகொடுப்பர். ஆனால் அந்த வீடுகளை எழுப்பிய செல்வம் எங்கிருந்து வந்தது, அது வந்துகொண்டிருந்த காலமெல்லாம் உள்வீட்டில் இருந்தோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

ஆடவர் இரங்கூனுக்கும் மோல்மீனுக்கும் பினாங்குக்கும் சென்றனர். மேலாள் ஒருவர் கடல் கடந்த கடையில் ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் கணக்கு நடத்தி, அதன்பின் ஊர் திரும்புவது வழக்கம். மனைவி பெரும்பாலும் உடன் செல்வதில்லை. அவள் வளவு வீட்டிலேயே தன் புள்ளிக்குரிய அறையும் அடுப்பும் வைத்துக்கொண்டு, மாமியாரின் பார்வையில் மக்களை வளர்த்து, கடிதத்தை எதிர்நோக்கியிருந்தாள். தந்தை பயணம் போகையில் தொட்டிலில் கிடந்த குழந்தை, அவர் திரும்பி வந்தபோது யாரோ ஒரு விருந்தினர் என்று நினைத்துத் தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும்.

நம் இல்லங்களுக்கு இது புதிய செய்தியன்று. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய கடற்கரை ஊர்களிலும், உள்நாட்டு ராவுத்தர் ஊர்கள் பலவற்றிலும் இதே வாழ்வுதான் நடந்தது. கொழும்பும் சிங்கப்பூரும் மலாயாவும் வாப்பாவை அழைத்துக்கொண்டன, உம்மா வீட்டிலிருந்தார். அவர்கள் இசைபிடிமானம் எழுதி மணவாழ்வைத் தொடங்கினர். நாம் மஹர் குறித்து நிக்காஹ் புத்தகத்தில் ஒப்பமிட்டுத் தொடங்கினோம். எழுத்தால் உறுதி செய்யப்பட்ட அந்த உறவின் பெரும்பகுதி பிரிவிலேயே கழிந்தது என்பது இரு சமூகத்தார்க்கும் பொது.

ஆகவே இம்மண்ணில் இளமை, குடும்பம், அன்பு என்னும் மூன்றையும் பற்றி எழுந்த கதைகளின் வரலாற்றை ஆராய்வோமானால், அதன் உள்ளீடாகப் பிரிவு என்னும் ஒன்றே நிற்பதைக் காணலாம். அவ்வரலாற்றில் நம்மவர் பங்கு சிறிதன்று. சிறிதென நாமே எண்ணியிருப்பதுதான் வருந்தத்தக்கது.

நம் இல்லங்களில் கதை கேட்பதற்கு ஒருநாளும் தடையிருந்ததில்லை. பாரசீகத்து வழிவந்த கிஸ்ஸாக்களைத் தமிழாக்கிப் பாடிய புலவர்கள் பலர். சைத்தூன் கிஸ்ஸா போன்றவற்றை இராக்காலங்களில் ஒருவர் ஓத, பெண்கள் சூழ்ந்திருந்து கேட்ட மரபு நம்முடையது. உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் உள்ளத்தையும் திருமணத்தையும் பாடும்பொழுது, தமிழ் அகமரபு முழுவதையும் துணைக்கழைத்துக் கொண்டார். இவை எல்லாவற்றிற்கும் மேலாக, திருக்குர்ஆனில் யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாறு ஒரு முழு அத்தியாயமாக விளங்குகிறது. சிறுவயதில் உடன்பிறந்தாரின் பொறாமைக்கு ஆளாகித் தந்தையைப் பிரிந்த மகன். அழுதழுது கண்ணொளி இழந்த தந்தை. அயல்நாட்டில் வந்த சோதனை. இறுதியில் மன்னிப்பும் கூடலும். இளமையும் குடும்பமும் மனித ஆசையும் பேசத்தகாத பொருள்களாயின், அவ்வரலாறு நமக்கு அழகிய வரலாறாக அருளப்பட்டிராது.

அச்சு வந்தபின் உரைநடைக் கதை வந்தது. வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளியாயிற்று. அடுத்த ஆறே ஆண்டுகளில், 1885இல், இலங்கையில் சித்திலெவ்வை மரைக்காரின் அசன்பே சரித்திரம் வெளிவந்தது. ராஜம் அய்யரின் கமலாம்பாள் சரித்திரமும் மாதவையாவின் பத்மாவதி சரித்திரமும் அதன் பின்னர்த் தோன்றியவையே. தமிழ் நாவலின் முதல் வரிசையிலேயே ஒரு முஸ்லிம் அமர்ந்திருக்கிறார் என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

சித்திலெவ்வை கண்டியைச் சேர்ந்தவர், சட்டம் பயின்றவர், 1882இல் முஸ்லிம் நேசன் என்னும் இதழைத் தொடங்கிச் சமூகத்திற்குக் கல்வி வேண்டுமென்று வாழ்நாளெல்லாம் போராடியவர். அவர் கதை எழுத அமர்ந்தபோது எடுத்துக்கொண்ட பொருள் யாது? எகிப்து நாட்டில் உயர்குடியிற் பிறந்த ஒரு குழந்தை களவாடப்படுகிறது. பெற்றோரை அறியாமல் இந்திய நாட்டில் வளர்கிறது. கல்வியாலும் நற்குணத்தாலும் உயர்ந்து, இறுதியில் தன் நாட்டையும் குடும்பத்தையும் சேர்கிறது. அற்புத நிகழ்ச்சிகள் நிறைந்த கதைதான். எனினும் அதன் நடுவே நிற்பது, பெற்றவரைப் பிரிந்து வளரும் ஒரு சிறுவன். கல்விக்காகப் பத்திரிகையில் வாதாடிய அறிஞர், அதே கருத்தை இல்லங்களுக்குள் கொண்டு செல்ல ஒரு பிள்ளையின் வளர்ச்சியைக் கதையாக்கினார். கட்டுரை நுழையாத வீட்டில் கதை நுழையும் என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

அடுத்து நாம் நிற்க வேண்டிய இடம் நாகூர். அங்கே 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் பள்ளியிற் கற்றது மூன்றாம் வகுப்பு வரையே. பன்னிரண்டு வயதில் மணம், இளம்பருவத்திலேயே கைம்மை. அக்கால வழக்கப்படி, அத்துடன் அப்பெண்ணின் கதை முடிந்ததென்றே ஊர் கருதியிருக்கும். ஆனால் அவர் வீட்டிலிருந்தபடியே தமிழ் நூல்களைக் கற்றார். 1938இல் ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டார். தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த அம்முதுபெரும் புலவர், முகம் காணாத ஒரு முஸ்லிம் பெண்ணின் எழுத்துக்குத் தம் கையால் வாழ்த்தெழுதியது சிறிய நிகழ்ச்சியன்று. தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்மணி என்று ஆய்வாளர் அவரைக் குறிப்பர். மகிழம்பூ, சண்பகவல்லிதேவி முதலிய நூல்களையும் எழுதி, 1998இல் இறையடி சேர்ந்தார்.

அந்நாவலின் தலைப்பையே சற்று நினைத்துப் பாருங்கள். காதலா, கடமையா? முப்பதுகளில் திரைக்குள் இருந்த ஒரு பெண், தன் பெயரையும் அட்டையில் இட்டு, இவ்வினாவை நாடறியக் கேட்டார். விடை எதுவாயினும் ஆகுக. வினாவைக் கேட்கும் உரிமை தனக்குண்டு என்று அவர் கருதியதே வரலாறு. கதை படித்தால் பெண் கெட்டுவிடுவாள் என்று அஞ்சிய வீடுகள் அன்று எங்கும் இருந்தன. நகரத்தார் வீட்டிலும் இருந்தன, அய்யர் வீட்டிலும் இருந்தன. அவ்வச்சத்திற்கு நடுவே கதை படித்த ஒருத்தி கெட்டுப் போகவில்லை, எழுத்தாளராக உயர்ந்தார்.

இனி மீண்டும் சிவகங்கைச் சீமைக்கு வருவோம். கடல் கடந்த செல்வம் நிலைக்கவில்லை. 1930 முதல் உலகெங்கும் விலைவாசி வீழ்ந்தது. நெல் விலை சரிந்து, கடன் திருப்ப இயலாத பர்மிய உழவரின் நிலங்கள் வட்டிக்கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் விளையும் மாவட்டங்களில், நகரத்தார் வசமிருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்தது, 1938க்குள் 25 பங்காயிற்று. விரும்பி வாங்கிய நிலமன்று அது. வராத கடனுக்கு ஈடாக வந்தது. ஆயினும் உழவரின் மனக்கசப்பு வளர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படை புகுந்தது. இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். காட்டு வழியே நடந்து வந்தோரும், வழியிலேயே மடிந்தோரும் பலர். பின்னர்ப் பர்மா விடுதலை பெற்றதும் நிலங்கள் நாட்டுடைமையாயின. தேக்குத் தூண்கள் நின்றன. அவற்றை அனுப்பிய கடைகள் மறைந்தன.

இந்த வீழ்ச்சியின் நடுவிலிருந்து ஒரு காதற்கதை பிறந்தது. சிங்கம்புணரியில் 1920இல் பிறந்த ப. சிங்காரம், 1938இல் பிழைப்புக்காகச் சுமத்திராவின் மேடான் நகருக்குக் கப்பலேறியவர். அங்கே மணம் புரிந்தார். மனைவியும் குழந்தையும் மகப்பேற்றின்போதே இறந்தனர். 1946இல் தனியராய்த் தமிழகம் திரும்பி, மதுரையில் பத்திரிகைப் பணியில் அமர்ந்து, மறுமணமின்றி ஒற்றை அறையில் வாழ்ந்து, 1997இல் மறைந்தார். சேர்த்த பணத்தை ஏழை மாணவரின் கல்விக்கென வழங்கிச் சென்றார்.

அவர் எழுதியவை இரண்டே நாவல்கள். கலைமகள் போட்டியிற் பரிசு பெற்ற ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் நூலாயிற்று. ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளிவந்தது. முன்னதன் களம் பினாங்கு. வட்டிக்கடையில் பணியாற்றிய செல்லையா நேதாஜியின் படையிற் சேர்ந்து போரிட்டுத் திரும்புகிறான். முதலாளியின் மகள் மரகதத்தின்பால் அவனுக்கு அன்பு. அவளுக்கும் அவன்பால் அன்பு. ஆனால் துப்பாக்கி பிடித்த கை இனிப் பேரேட்டிற்கு உதவாது என்பது முதலாளியின் முடிவு. இளைஞர் இருவரும் ஓடிப்போகவில்லை, பெற்றவரை எதிர்த்து முழங்கவுமில்லை, பிரிகின்றனர். தந்தையும் கொடியவரல்லர், தம் உலகத்தின் கணக்கைத் தவிர வேறு கணக்கறியாதவர். நாகூர்ப் பெண்மணி 1938இல் கேட்ட வினாவே இருபதாண்டுக்குப் பின் வேறொரு சமூகத்தின் கதையில் மீண்டும் எழுந்து நிற்பதைக் காண்கிறோம். பின்னதாகிய நாவலிலோ, போரும் புயலும் சூழ்ந்த கடல் நடுவே இருக்கும் இளைஞனுக்குச் சொந்த ஊரின் சந்தை நாளும் சிறுபிராயத்துத் தெருவுமே திரும்பத் திரும்ப நினைவில் எழுகின்றன.

கடலுக்கு அப்பாற் சென்ற ஆடவரின் கதை இது. வீட்டிலேயே இருந்தோரின் கதையை யார் எழுதினர்? அப்பணியைப் பிற்காலத்தில் நம்மவரே செய்தனர். தேங்காய்ப்பட்டினத்துத் தோப்பில் முஹம்மது மீரான், 1988இல் நூலாக வந்த ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில், செல்வச் செருக்குடைய ஒரு முதலாளியின் குடும்பம் சரிவதையும், ஊருக்குள் பள்ளிக்கூடம் வருவதைத் தடுக்க நிற்கும் அறியாமையையும் மறைக்காமல் எழுதினார். சித்திலெவ்வை எந்தக் கல்விக்காக வாதாடினாரோ, அதே கல்விக்கான வழக்கு நூறாண்டுக்குப் பின்னும் கதையில் நடக்கிறது! அவருடைய ‘சாய்வு நாற்காலி’ 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. துவரங்குறிச்சியிலிருந்து எழுதிய சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வந்தது. ஆடவர் வெளிநாட்டில் இருக்க, வீட்டுப் பெண்களின் பேச்சையும் பெருமூச்சையும் ராபியா என்னும் சிறுமியின் கண்வழியே காட்டும் நாவல் அது. இவற்றுள் சில பகுதிகள் நம்முள் சிலர்க்கு உவப்பாயிரா. கருத்து வேறுபாடு கொள்வோரும் உளர். எனினும் உவப்பில்லாத உண்மையைப் பிறர் எழுதி நாம் படிப்பதினும், நம் பிள்ளைகளே எழுதி நாம் படிப்பது மேலன்றோ?

இறுதியாக ஒரு செய்தி. நேமத்தான்பட்டியைப் போலவே காரைக்குடி வட்டாரத்து ஊரான கோட்டையூரில் முத்தையா செட்டியார் என்பவர் இருந்தார். சென்னையில் ‘ரோஜா’ என்னும் பெயரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். ரோஜா முத்தையா என்றே அழைக்கப்பட்டார். பிறர் குப்பையென ஒதுக்கிய பழைய நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் தேடித் தேடி வாங்கிக் கோட்டையூர் வீட்டில் நிறைத்தார். சமய நூல் என்றும் மலிவு நாவல் என்றும் அவர் பேதம் பார்த்ததில்லை. 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் அச்சேகரிப்பைப் பெற்றது. இன்று அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. மறைந்துபோன தமிழ்க் கதைகளைத் தேடும் அறிஞர்க்கு அதுவே புகலிடம். வட்டித் தொழிலாற் குவிந்த பொன் காற்றிற் போயிற்று. ஒரு பலகை எழுதுபவர் குவித்த காகிதம் நிலைத்தது.

நம் வீட்டுப் பரண்களில் என்ன இருக்கிறது? வாப்பாவின் வாப்பா இரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்கள், அரபுத்தமிழில் உம்மம்மா எழுதிவைத்த பாட்டேடு, முப்பதுகளில் அச்சான இதழ்க் கட்டுகள் – இவற்றை எத்தனை முறை எடைக்குப் போட்டிருக்கிறோம்! ஜுனைதா பேகத்தைப் போல் இன்னும் எத்தனை பெண்கள் எழுதினார்களோ, அவர்கள் ஏடுகள் எந்தக் கடையில் பொட்டலமாயினவோ, இறைவனே அறிவான்.

ஓதும்படி பணித்த சொல்லே நம் மார்க்கத்தில் முதலில் இறங்கியது. ஆதலின் மகள் கையில் கதைப் புத்தகத்தைக் கண்டால் அதனைப் பறிக்குமுன், என்ன படிக்கிறாய் என்று அருகமர்ந்து கேட்போம். நல்லதைத் தேர்ந்து கொடுப்போம். பரணிலுள்ள கடிதக் கட்டை அவளிடமே ஒப்படைப்போம். பிரிவில் வாழ்ந்து சொல்லாமலே போய்ச் சேர்ந்த நம் உம்மம்மாமார்களின் கதையை எழுதப் போகிறவள் அவளாகவும் இருக்கலாம்.