கங்கைகொண்டானை எண்ணிப் பார்த்தவர்கள்

1916-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் மாணவர்கள் சிலர் ஊருக்குப் போனபோது கையில் ஒரு கேள்வித்தாளும் இருந்தது. கொடுத்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1915-இல் அங்கே இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக வந்து சேர்ந்தவர். இங்கிலாந்தில் ஊர்ப்பொது நிலங்கள் வேலிக்குள் போன வரலாற்றை ஏற்கெனவே புத்தகமாக எழுதியவர். நிலம் யார் கையில், கூலி எவ்வளவு, கடன் யாரிடம், கிணறு எத்தனை, மாடு எத்தனை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிய அந்தக் குறிப்புகள் 1918-இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தன. அதில் இடம்பெற்ற தமிழகக் கிராமங்களில் ஒன்று கங்கைகொண்டான். திருநெல்வேலிக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில், சிற்றாற்றங்கரையில் இருக்கும் ஊர். வடமலாபுரம், பாலக்குறிச்சி, இருவேல்பட்டு, தூசி ஆகியவை மற்ற நான்கு. ஆய்வாளர்கள் இந்த ஐந்தையும் இன்றுவரை 'ஸ்லேட்டர் கிராமங்கள்' என்றே சொல்கிறார்கள். பேராசிரியர் பெயரில் ஊர்களை அழைப்பது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் அந்தப் பெயர் நிலைத்ததற்குக் காரணம் அவருடைய புகழ் அல்ல, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அதே கேள்விகளோடு அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனதுதான்.

1936-37-இல் பேராசிரியர் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் இந்தக் கிராமங்களை மறுபடி ஆய்வு செய்ய ஏற்பாடு செய்தார்கள். மறு ஆய்வு 1940-இல் நூலாக வந்தது. 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் மூன்றாவது சுற்றைத் தொடங்கியபோது எஸ். குகன், ஜோன் மென்ச்சர், வி.பி. ஆத்ரேயா, கே. பரதன் ஆகியோர் தனியாகவும் சேர்ந்தும் ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். கங்கைகொண்டானை ஆத்ரேயா எழுதினார். 1916 முதல் 1984 வரை எது மாறியது, எது மாறாமல் நின்றது என்பதே அவர் கேள்வி. ஓர் ஊரைப் பற்றி ஏறத்தாழ எழுபது ஆண்டு இடைவெளியில் மூன்று பதிவுகள். கங்கைகொண்டான் இருக்கும் தாமிரபரணிப் பகுதியைப் பற்றி எழுத்துக்குப் பஞ்சமே இல்லை: 1879-இல் ஸ்டூவர்ட்டின் மாவட்டக் கையேடு, 1881-இல் கால்டுவெல்லின் சரித்திரம், 1917-இல் பேட்டின் கெசட்டியர். இவை ஒவ்வொன்றும் தன்னளவில் பெரிய வேலை. ஆனாலும் ஒன்றை மற்றதன் மேல் வைத்துக் கழித்துப் பார்க்க முடியாது, ஏனென்றால் கேட்ட கேள்விகள் வேறு, அளந்த எல்லைகள் வேறு. கங்கைகொண்டான் பதிவுகளைக் கழித்துப் பார்க்கலாம்.

இந்தக் கழித்தல்தான் இக்கட்டுரையின் விஷயம். தாக்கம் என்பது ஒரு வித்தியாசம். வித்தியாசத்துக்கு இரண்டு எண்கள் வேண்டும். அணையோ ஆலையோ சட்டமோ வந்த பிறகு போய்ப் பார்க்கிற மதிப்பீட்டாளரிடம் இருப்பது ஒரே எண். 'முன்பு' என்கிற எண் எப்போதும் வேறொருவரின் உழைப்பு, வேறொரு நோக்கத்துக்காக எடுக்கப்பட்டது. ஆகவே மற்ற ஆய்வாளர்களின் நடந்துகொண்டிருக்கும் வேலையோடு தன் வேலையைப் பொருத்திக்கொள்வதை மதிப்பீட்டாளர் காட்டும் மரியாதை என்று எடுத்துக்கொண்டால் போதாது. அது இல்லாவிட்டால் அவர் அளப்பதற்குத் தாக்கம் என்று பெயரிடவே வழியில்லை. கங்கைகொண்டானின் வரலாறு இதைச் சொல்லும் விதம் சுவையானது, ஏனென்றால் அங்கே எடுத்த ஒவ்வொரு கணக்கும் எடுத்தவருக்கே தெரியாத ஒன்றுக்கு 'முன்பு' ஆகிப்போனது. 1936-37 கணக்கு முடிந்த கொஞ்ச நாளில், 1938-இல், ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே சத்தியநாதனின் அறிக்கை மாகாணம் முழுவதன் விவசாயக் கடனைத் தொகுத்திருந்தது. மாகாணக் கணக்கும் ஊர்க்கணக்கும் ஒரே காலத்தில் கைவசம் இருந்ததால் அந்தச் சட்டம் யாரைத் தொட்டது, யாரை விட்டது என்று கேட்கப் பின்னால் வந்தவர்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. 1949-இல் கங்கைகொண்டானுக்குச் சில கிலோமீட்டர் தெற்கே தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை வந்தது. அந்தக் காலத்தில் ஆலைக்கு முன் தாக்க மதிப்பீடு செய் என்று சொல்லச் சட்டம் இல்லை. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் வயல்கூலிக்கும் ஆலைக்கூலிக்கும் நடுவே என்ன மாறியது என்று இன்று ஒருவர் கேட்டால், அவர் போய் நிற்க வேண்டிய இடம் 1916-இன் கேள்வித்தாள்.

ஒரு மதிப்பீடு வேறொரு ஆய்வின் தோளில் ஏறிப் பலன் கண்டதற்கு வட ஆற்காடு நல்ல சான்று. 1973-74-இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பி.எச். ஃபார்மர் தலைமையில் அங்கே சில கிராமங்களில் பசுமைப் புரட்சியை ஆராய்ந்து அவ்வளவு நம்பிக்கை தராத முடிவுகளை எழுதினார்கள். பத்தாண்டு கழித்து பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் புதுக் கிராமம் தேடிப் போகவில்லை, அதே கிராமங்களுக்கே போனார்கள். 1982-83 வறட்சி ஆண்டு, அடுத்தது நல்ல ஆண்டு. இரண்டையும் அளந்ததால்தான் சிறு விவசாயிகளும் கூலிக்காரர்களும் பத்தாண்டில் முன்னேறியிருந்தார்கள் என்பது தெரிந்தது. வறட்சி ஆண்டோடு நிறுத்தியிருந்தால் படமே வேறு. 1990-களில் பார்பரா ஹாரிஸ்-ஒயிட்டும் எஸ். ஜனகராஜனும் அவற்றில் சில ஊர்களுக்கு மறுபடி போனார்கள். முதல் குழுவும் இரண்டாம் குழுவும் ஒத்துப்போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரே ஊர், ஒரே வகைக் கணக்கு என்பதால் சண்டையாவது பொருளோடு நடந்தது. வெவ்வேறு ஊர்களை அளந்திருந்தால் இரு தரப்பும் அவரவர் மாவட்டத்தில் சரியாகவே இருந்திருப்பார்கள்.

இதற்கு எதிரே இன்றைய நடைமுறையை வைத்துப் பார்க்கலாம். 1994-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமானது. 2006-இல் விதி திருத்தி எழுதப்பட்டது. திட்டத்தைச் சுற்றி வழக்கமாக 10 கிலோமீட்டர் வட்டம், மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவு, அறிக்கை. தாமிரபரணிக்காரர்களுக்கு இதில் உள்ள கோளாறு சொல்லாமலே புரியும். இங்கே ஆண்டு என்பது கார், பிசானம் என்ற இரண்டு நெற்பருவங்கள். தென்மேற்குப் பருவமழையில் குற்றால மலை பொழிந்தால்தான் சிற்றாறு ஆறு, வடகிழக்கு பெய்தால்தான் குளம் குளம். சுத்தமல்லி அணைக்கட்டில் பிரிந்து பேட்டையைத் தொட்டுப் போகும் நெல்லைக் கால்வாயின் கரையில் மே மாதம் நிற்பவருக்கும் நவம்பரில் நிற்பவருக்கும் ஒரே ஊர் தெரிவதில்லை. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் ஜனவரியில் தன்னார்வலர்களோடு குளம் குளமாகப் போய் நீர்ப்பறவைகளை எண்ணி வருகிறது. கோடையில் ஒரு முறை வந்து குளத்தைப் பார்க்கிற மதிப்பீட்டாளர் 'குறிப்பிடத்தக்க பறவைகள் இல்லை' என்று எழுதினால் அவர் பொய் சொல்லவில்லை. பறவை இருக்கும் மாதத்தில் எண்ணுகிறவர்களைக் கேட்கவில்லை, அவ்வளவே. கங்கைகொண்டானிலேயே சிப்காட் தொழில் வளாகமும், 2013-இல் அறிவிக்கப்பட்ட 288 ஹெக்டேர் புள்ளிமான் சரணாலயமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 2016 நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த வளாகத்தின் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் தர இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் மனுக்கள் தள்ளுபடியாயின. கொடுப்பது உபரி நீர்தான் என்பது அரசுத் தரப்பு வாதம். எந்த ஆண்டின் உபரி, எந்தப் பருவத்தின் உபரி என்ற கேள்விக்கு ஒற்றைப் பருவத் தரவு பதில் சொல்லாது.

மற்றவர் ஆய்வோடு பொருத்திக்கொள்ள வேண்டும் என்பதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது சுதந்திரம் பற்றியது. எல்லோரும் முந்தையவரின் கேள்வியையே கேட்டால் முந்தையவரின் குருட்டுத்தனமும் கூடவே வருமே? ஸ்லேட்டரின் தாள் நிலத்தையும் பணத்தையும் கேட்ட அளவுக்குச் சாதி நாளாவட்டத்தில் எப்படி நெகிழ்கிறது, வீட்டுக்குள் பெண் என்ன வேலை செய்கிறாள் என்பதைக் கேட்கவில்லை. மறுப்பு சரியே. ஆனால் மறு ஆய்வாளர்கள் பழைய கேள்விகளோடு நின்றுவிடவில்லை. பழையதைக் கேட்டுவிட்டுப் புதியதையும் கேட்டார்கள். 2008-இல் இருவேல்பட்டுக்குப் போன ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் நிலத்தோடும் கூலியோடும் சாதி அரசியலையும் சேர்த்தே எழுதினார்கள். முந்தையவரின் தவறு அடுத்தவருக்கும் தொற்றும் என்ற மறுப்புக்கும் இதே பதில்தான். நெல்லைச் சீமையில் நிலத்தைக் கோட்டை விதைப்பாட்டில் சொல்வதும் கூலியை மரக்காலில் அளப்பதும் வழக்கமாக இருந்தது. ஊர் என்றால் வருவாய்க் கிராமமா, நடுத்தெருவா, சேரியும் சேர்ந்ததா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் ஏக்கருக்கு மாற்றியதில் பிசகினால், இன்னொருவர் அதே ஊருக்குத் திரும்பி வரும்போதுதான் அது வெளியே தெரியும். ஒரே முறை எழுதிய கணக்கில் பிசகு நிம்மதியாகத் தூங்கும்.

காலக்கெடு உள்ள மதிப்பீட்டாளர் பத்தாண்டு ஆய்வு முடியும்வரை காத்திருக்க முடியுமா என்று கேட்கலாம். காத்திருக்க வேண்டாம். எந்த வீடுகள், எந்தக் குளங்கள், எந்த மாதம் என்ற மூன்றையும் அந்த ஆய்வோடு பொருத்திக்கொண்டு தன் மூன்று மாதத்தை நடத்தினால் போதும். வெளியிடாத தரவை ஆய்வாளர் தர மாட்டார் என்பதும் நியாயமான தயக்கம். முதலில் அச்சேற்றும் உரிமை அவருடையது. பணம் கட்டுகிறவர் ஆலைக்காரர் என்னும்போது தயக்கம் இன்னும் கூடும், கூடவும் வேண்டும். ஆனால் எங்கே எப்போது எண்ணுகிறேன் என்று சொல்வதற்கு எண்ணிக்கையைக் கொடுக்க வேண்டியதில்லை.

கடைசி மறுப்பு ஆய்வாளர்களுடையது அல்ல, ஊர்க்காரர்களுடையது: எத்தனை பேருக்கு எத்தனை தடவை பதில் சொல்வது? ஆளுக்கொரு தாளோடு தனித்தனியே வருவதால்தான் ஒரே வீட்டில் மாட்டுக் கணக்கு நாலு தடவை கேட்கப்படுகிறது. சேர்ந்து வந்தால் ஒரு தடவையில் முடியும். அந்தச் சலிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. கங்கைகொண்டான்காரர்கள் 1916-லும் 1937-லும் 1984-லும் பதில் சொன்னது தமிழில். 1918-இன் புத்தகமும், 1940-இன் புத்தகமும், 1980-களின் ஆய்வுத்தாளும் ஆங்கிலத்தில் வெளிவந்தன.