வீட்டு ஓவனில் மொறுமொறு கோழி: ஒரு வரலாறு

ஓவனில் சுட்ட மொறுமொறு கோழி என்பது, மசாலாவில் ஊறிய கோழித் துண்டுகளின் மேல் மாவோ ரஸ்க் தூளோ ஒட்டி, எண்ணெயில் பொரிக்காமல் மூடிய அடுப்பின் உலர்ந்த சூட்டில் வேகவைத்து எடுக்கும் உணவு. தமிழ்நாட்டு வீடுகளுக்கு இது புதியது. சென்னையிலும் அதை ஒட்டிய திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளிலும் ஞாயிற்றுக்கிழமை என்றால் கோழிக் குழம்பு, இல்லையென்றால் சிக்கன் 65. எண்ணெய்ச் சட்டி முந்திக்கொண்டதற்கும் ஓவன் பிந்தியதற்கும் காரணங்கள் உண்டு.

அடுப்பு

திருவள்ளூர் மாவட்டக் கடற்கரையில் உள்ள பழவேற்காட்டில் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரும், அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரரும் குடியேறினர். 1613இல் டச்சுக்காரர் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். ரொட்டி சுடும் மூடிய அடுப்பைப் போர்த்துக்கீசியர் ‘ஃபோர்னோ’ என்பார்கள். இலங்கைத் தமிழில் அது ‘போறணை’ ஆகி இன்றும் வழங்குகிறது. அங்கே பாண் வேகுவது போறணையில்தான். தமிழ்நாட்டில் அந்தச் சொல் வேரூன்றவில்லை. அந்த அடுப்பும் பேக்கரியை விட்டு வீட்டுக்குள் வரவில்லை. நம் அடுப்பு சட்டிக்குக் கீழே எரிவது. விறகு போய் மண்ணெண்ணெயும் கேஸும் வந்த பிறகும் அந்த அமைப்பு மாறவில்லை. மின்சார ஓவனுக்கோ 1,500 வாட் அளவுக்கு மின்சாரம் வேண்டும். பழைய வீடுகளின் சிறிய பிளக் அதைத் தாங்காது.

கோழி

அடுப்பு மட்டும் இருந்திருந்தாலும் போதாது. மேய்ந்து திரிந்து வளர்ந்த நாட்டுக்கோழியின் தசை இறுகியது. நீர்விட்டு நெடுநேரம் கொதிக்கவைத்தால்தான் இளகும். உலர்ந்த சூட்டில் வைத்தால் மேற்புறம் சிவக்கும், உள்ளே ரப்பர்போல இழுக்கும். குழம்பு நம் ஊரின் கோழி உணவானது ருசியால் மட்டுமல்ல, பறவையின் உடலமைப்பாலும்தான்.

இறைச்சிக்கென்றே கோழி வளர்க்கும் தொழில் 1923இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் சிசீல் ஸ்டீல் என்ற பெண்மணியிடம் தொடங்கியதாகச் சொல்வார்கள். ஐம்பது குஞ்சுகள் கேட்டவருக்கு ஐந்நூறு வந்து சேர்ந்தன. அவற்றை வளர்த்து இறைச்சிக்கு விற்றார். இந்தியாவில் 1971இல் பி.வி. ராவ் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ், தமிழ்நாட்டில் பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கத்து ஒப்பந்தப் பண்ணைகள் ஆகியவற்றின் வழியே பிராய்லர் பரவியது. ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொடும் இந்த இளங்கோழி எண்ணெயிலும் ஓவனிலும் விரைவில் வெந்துவிடும்.

1965

சென்னை மவுண்ட் ரோட்டில் ஏ.எம். புகாரியின் உணவகம் 1965இல் சிக்கன் 65ஐ அறிமுகப்படுத்தியது என்பதே பரவலாக ஏற்கப்படும் வரலாறு. (65 மிளகாய், 65 துண்டு என்ற கதைகளை நம்பவேண்டியதில்லை.) அதே 1965இல் அமெரிக்காவில் ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனம் ‘ஷேக் அண்ட் பேக்’ என்ற பொட்டலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பையில் தூளைக் கொட்டி, கோழித் துண்டைப் போட்டுக் குலுக்கி, ஓவனில் வைக்க வேண்டியதுதான். மொறுமொறுப்புக்கு ஒரே ஆண்டில் இரண்டு வழிகள்: அங்கே வீட்டு ஓவன், இங்கே உணவகத்தின் எண்ணெய். இந்தப் பிரிவுதான் நம் வீடுகளில் யார் சமைக்கலாம் என்பதையும் முடிவு செய்தது. கொதிக்கும் எண்ணெய் அருகே குழந்தையை யாரும் விடுவதில்லை. பையைக் குலுக்கக் குழந்தையே போதும்.

தோலும் மாவும்

அமெரிக்கச் செய்முறையை அப்படியே செய்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் வரும். நாட்டுக்கோழியை மஞ்சள் தடவி வாட்டித் தோலோடு சமைப்பது வழக்கம். பிராய்லரையோ பலர் தோலுரித்தே வாங்குகிறார்கள். மொறுமொறுப்பாக வேண்டிய தோலே இல்லாததால் மேல்மாவு அந்த வேலையைச் செய்ய வேண்டும். இதற்கு மைதாவைவிட அரிசி மாவே நல்லது. பசைப்புரதமான குளூட்டன் அதில் இல்லை. எனவே இழுபடாமல் நொறுங்கும். பஜ்ஜி மாவில் அரிசி மாவு சேர்ப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்.

காற்று எண்ணெயைவிட மெதுவாகவே சூட்டைக் கடத்தும். அதனால் துண்டுகளின் ஈரத்தை முதலில் ஒற்றி எடுத்து, தயிர் மசாலாவை மெல்லியதாகப் பூசி, 200 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் அளவு, கம்பித் தட்டின் மேல் வைக்க வேண்டும். தட்டு இல்லாவிட்டால் அடிப்பக்கம் தன் நீரிலேயே ஊறிவிடும்.

குழந்தைகளுக்கு ரஸ்கை நொறுக்குவதும் பையைக் குலுக்குவதும் பொருத்தமான வேலைகள். பச்சைக் கோழியைத் தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சூடான தட்டை வெளியே எடுப்பது பெரியவர் வேலை. உள்ளே 74 டிகிரி எட்டிவிட்டதா என்று வெப்பமானியைக் குத்திப் பார்த்த பிறகே பரிமாற வேண்டும்.