பதினோராம் எண் கூண்டு

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளில் பத்தாம் எண் வரை காற்றைப் பற்றியவை. பதினொன்று அப்படியல்ல. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இனித் தகவல் வராது என்பதே அதன் பொருள். மௌனத்துக்கென்று ஒரு எண்.

கோயமுத்தூரில் துறைமுகமில்லை, கூண்டேற்றக் கம்பமுமில்லை. ஆனால் பதினோராம் எண்ணை நான் இங்கிருந்துதான் அறிந்திருக்கிறேன். கரையில் இருப்பவனுக்குப் புயல் என்பது காற்று, நீர், கூரை. தொலைவிலிருக்கும் அவன் உறவினனுக்கு அது தகவலின்மை மட்டுமே. நம் புயல் சரித்திரங்கள் முதலாவதை எழுதுகின்றன; இரண்டாவதற்கு இடம் தருவதில்லை.

1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டது. பாம்பன் பாலமும் தந்திக் கம்பிகளும் சிதைந்தன. ரயில் போனது ஒரு நிகழ்ச்சி. அது போனது தெரியாமலிருந்தது இன்னொரு நிகழ்ச்சி. பாலம் 46 நாட்களில் சீராயிற்று என்று எழுதுகிறோம். காத்திருந்தவர்களின் நாட்களுக்குக் கணக்கில்லை.

1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயல், உள்நாட்டைக் கடந்து அரபிக்கடல் வரை போயிற்று. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒரே வாரத்தில், 19ஆம் தேதி, ஆந்திரத்தின் திவி சீமையில் பல்லாயிரம் பேரைக் கொன்ற புயல் வந்தது. தேசத்தின் ஞாபகம் அங்கே திரும்பிவிட்டது.

கொங்குநாட்டில் இந்த அனுபவத்துக்கு விசேஷமான சிக்கல் ஒன்று உண்டு. இது மழைமறைவுச் சீமை. தென்மேற்குப் பருவம் பெரும்பாலும் மலைக்கு அப்பாலேயே பெய்து தீர்ந்துவிடும்; பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வருவது முக்கியமாகக் காற்று. ஐப்பசி கார்த்திகையில் வங்கக்கடல் கலங்கினால்தான் கிணறு ஊறும், சோளமும் கொள்ளும் பிழைக்கும். ஆகவே, காற்றழுத்தத் தாழ்வு என்ற வானொலிச் சொல் பல்லடத்து மானாவாரிக்காரருக்கு நல்வாக்கு. தஞ்சைப் பக்கமிருந்து வந்து திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்பவருக்கு அதே சொல் வேறு.

2018 நவம்பர் 16, நள்ளிரவு கழிந்து, கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிற்று. என் அக்காள் வேதாரண்யம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். தந்தி 2013லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. எல்லோர் கையிலும் செல்போன். மின்கம்பங்களும் கோபுரங்களும் சாய்ந்தபின் செல்போனும் பதினோராம் எண்ணைத்தான் காட்டிற்று. இங்கே வானம் மூடித் தூறிக்கொண்டிருந்தது. “இன்னம் ரெண்டு நாளு நின்னு பேஞ்சாத் தேவலைங்க” என்றார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். அதில் குற்றம் காண ஏதுமில்லை. அவர் கிணறும் வாஸ்தவம், என் அக்காளும் வாஸ்தவம். இரண்டையும் ஒரே மேகம் தாங்கி நின்றது. மூன்றாம் நாள், பட்டுக்கோட்டை வந்து பஸ் பிடித்த ஒருவர் வழியாகச் செய்தி வந்தது: ஆள் சேதமில்லை, தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை.

அந்நியமாதல் பற்றி நம் வட்டத்தில் நிறையப் பேசியாயிற்று. பெரும்பாலும் அது தனிமனிதன் அறைக்குள் உணர்வதாகவே சொல்லப்படுகிறது. அடுத்தவன் மழைக்கு மகிழும் வேளையில் அதே மழைக்கு அஞ்சி நிற்பது அதைவிடக் கடினமான நிலை. அது சரித்திரத்தில் ஏற்படுவது.

புயல் பதிவேட்டில் காற்றின் வேகம், அலையின் உயரம், இறந்தோர் தொகை என்று பத்திகள் இருக்கின்றன. முதல் செய்தி எத்தனை மணி கழித்து, யார் வாயிலாக, எந்த ஊரை அடைந்தது என்று இன்னொரு பத்தி வேண்டும். அதில் கடலே காணாத ஊர்களின் பெயர்களும் வரும்: கோவை, திருப்பூர், ஈரோடு.