அக்மாத்தவா: ஒரு பெயரின் வரலாறும் வழங்குமுறையும்

பிறமொழிப் பெயரொன்றினை எவ்வாறு எழுதுவது, எவ்வாறு ஒலிப்பது என்பன இலக்கண நூலாரின் சிறு பிரச்சினைகளாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. எனினும், பெயருக்குப் பின்னே ஒரு வரலாறு இருக்குமாயின், பெயரைத் திரித்து வழங்குதல் அவ்வரலாற்றையும் மறைத்துவிடக்கூடும். இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த ருஷ்யக் கவிஞருள் ஒருவரான அன்னா அக்மாத்தவாவின் குடும்பப் பெயர் ஆங்கிலத்திலே வழங்கும் முறை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

1889 ஆம் ஆண்டு ஒடெசா நகருக்கு அண்மையிற் பிறந்த இவரது இயற்பெயர் அன்னா அந்திரேயெவ்னா கொரென்கோ என்பதாகும். தந்தையார் கடற்படைப் பொறியியலாளர். மகள் கவிதை எழுதுவதை அறிந்த அவர், தமது பெயருக்கு இழுக்கு நேரலாகாது எனக் கடிந்தார். அந்தப் பெயரே தமக்கு வேண்டியதில்லை என மகள் மறுமொழி கூறியதாக அவரது நினைவுகள் வாயிலாக அறிகிறோம். 1907 இல் பாரிஸிலிருந்து வெளிவந்த சிற்றிதழொன்றில் இவரது கவிதை முதன்முதலாக அச்சேறியபோது, குடும்பப் பெயரின் முதலெழுத்து மாத்திரமே அங்கு இடம்பெற்றது. பின்னர் தாய்வழிப் பூட்டியின் பெயரான 'அக்மாத்தவா' என்பதைத் தமதாக்கிக்கொண்டார். 1912 இல் வெளிவந்த 'மாலை' என்ற முதற்றொகுதி அப்பெயரையே தாங்கியது.

இப்பெயரின் பகுதி 'அகமது' என்னும் அரபுப் பெயரின் தாத்தாரிய வடிவமாகும். 1480 இல் உக்ரா ஆற்றங்கரையில் மொஸ்கோவின் படைகளை எதிர்கொண்டு நின்ற அக்மத் கானின் வழித்தோன்றலே தாம் என்ற குடும்பக் கதையைக் கவிஞர் போற்றினார். அதற்கு உறுதியான சான்று இல்லை. ஆயினும், ருஷ்யக் கவிதையுலகிற் புகுவதற்குத் தாத்தாரியச் சாயலுள்ள பெயரொன்றை அவர் தாமே தெரிந்தெடுத்தார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஆங்கிலத்தில் எழும் முதற்பிரச்சினை விகுதி பற்றியது. தமிழ் வினைமுற்று ஆண்பால் பெண்பால் உணர்த்துவது போல, ருஷ்யக் குடும்பப் பெயர்கள் பலவும் பாலுணர்த்துவன. கரேனின் என்பவரின் மனைவி கரேனினா ஆவார். ஆங்கிலத்தில் இவ்விகுதி தேவையற்றது என்று வாதிட்டவருள் நாவலாசிரியர் நபொக்கோவ் குறிப்பிடத்தக்கவர். மேடைக் கலைஞரான பெண்களுக்கு மாத்திரமே அவர் விலக்களித்தார். டோல்ஸ்டாயின் நாவலைக் கொன்ஸ்டன்ஸ் கார்னெட் 1901 இல் 'அன்னா கரேனின்' என்றே மொழிபெயர்த்தார். இவ்விதியை அக்மாத்தவாவுக்குப் பொருத்தினால் 'அக்மாத்தவ்' என்று எழுத நேரிடும். அது பொருந்தாது. கரேனினா என்ற பெயர் கணவனிடமிருந்து வந்தது. அக்மாத்தவாவின் தந்தையோ கணவரோ அக்மாத்தவ் என்ற பெயரைக் கொண்டவரல்லர். ஒரு பெண்ணிடமிருந்து மற்றொரு பெண் எடுத்துக்கொண்ட பெயரிலிருந்து பெண்பால் விகுதியை நீக்குவது அப்பெயரின் தோற்றத்தையே நீக்குவதாகும்.

இரண்டாவது பிரச்சினை அழுத்தம் பற்றியது. ருஷ்ய மொழியிலே இப்பெயரின் அழுத்தம் 'மா' என்ற இரண்டாம் அசையிலே விழுகின்றது. அடுத்துவரும் ஒகரம் நலிந்து அகரம் போல ஒலிக்கின்றது. ஆங்கிலேயர் பலர் ஈற்றயலசையை அழுத்துவர். ஆங்கில அகராதிகள் இரு வழக்கையும் பதிவுசெய்கின்றன. தமிழிற் பெருவழக்கான 'அக்மதோவா' என்ற வடிவமும் இப்பிந்திய ஒலிப்பையே பிரதிபலிக்கின்றது. நெட்டெழுத்து எங்கே விழவேண்டும் என்பதைத் தமிழ் வரிவடிவம் தெளிவாகக் காட்டவல்லதாகையால், திருத்தம் நமக்கு எளிதாகும்.

இத்துணை கவனம் எதற்கு என்ற வினா எழலாம். விடை அப்பெயர் பட்ட பாட்டிலே உள்ளது. முதற் கணவரான கவிஞர் குமிலியோவ் 1921 இற் சுட்டுக்கொல்லப்பட்டார். 1920 களின் நடுப்பகுதியிலிருந்து 1940 வரை அக்மாத்தவாவின் புதிய கவிதைத் தொகுதி எதுவும் வெளிவரவில்லை. மகன் லெவ் சிறைப்பட்டிருந்த காலத்தில் உருவான 'இரங்கற்பா' தாளில் நிலைக்க இயலாது, நம்பிக்கைக்குரிய சிலரின் நினைவிலேயே காக்கப்பட்டது. 1946 ஓகஸ்ட் 14 இல் கட்சியின் மத்திய குழு இவரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்ற, எழுத்தாளர் சங்கத்திலிருந்தும் இவர் விலக்கப்பட்டார். 1965 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. 1966 மார்ச் 5 இல் அவர் காலமானார். 'இரங்கற்பா' சோவியத் நாட்டில் 1987 இலேயே அச்சேறியது. 1946 ஆம் ஆண்டுத் தீர்மானம் 1988 இலேயே மீளப்பெறப்பட்டது.

தந்தை தம் பெயரைத் தர மறுத்தார். அரசு அவர் தேர்ந்த பெயரை அச்சிலிருந்து அகற்ற முயன்றது. இரண்டையும் கடந்து நிலைத்த அப்பெயரை அதன் விகுதியோடும் அழுத்தத்தோடும் வழங்குதல் வெறும் உச்சரிப்புத் திருத்தமன்று. அவர் வாழ்நாள் முழுதும் விட்டுக்கொடாத தேர்வொன்றை ஏற்றுக்கொள்வதுமாகும்.